ஈ85 ஊற்றியும் மீட்டர் 14.7 காட்டுகிறது: ஒரு டிரக் டியூனிங் பதிவு

பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த டிரக்கில் எத்தனால் மிகுந்த கலவையான ஈ85-ஐ நிரப்பி, இசியூவில் (இன்ஜினை நடத்தும் கணினி) எண்களை மாற்றி, இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விட்டால், புகையை அளந்து காற்று-எரிபொருள் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் மீட்டர் 14.7 என்று காட்டும். ஈ85-க்கு 9.8 வர வேண்டும் என்று எங்கோ படித்திருப்போம். கை தானாக எரிபொருளைக் கூட்டப் போகும். அங்கேயே நிறுத்த வேண்டும். மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. ஈ85 டியூனிங்கில் கெட்டுப்போகும் இன்ஜின்களில் பல, எரிபொருளால் கெடுவதில்லை. இந்த ஒரு எண்ணை எந்த அளவுகோலில் படிக்கிறோம் என்ற குழப்பத்தால் கெடுகின்றன.

இங்கே எடுத்துக்கொண்ட வண்டி 5.3 லிட்டர் வி8 பிக்கப். போர்ட் இன்ஜெக்ஷன் (இன்டேக் பாதையில் எரிபொருள் தெளிக்கும் வகை) உண்டு; டர்போ இல்லை; உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உண்டு; ஆட்டோமேட்டிக் கியர். எரிபொருள் குழாயும் பம்பும் எத்தனாலைத் தாங்கும் வகை. அது இல்லாத வண்டியில் டியூனிங் பேச்சுக்கே இடமில்லை.

சென்சார் உண்மையில் எதை அளக்கிறது

வைட்பேண்ட் சென்சாருக்குத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதன் உள்ளே ஒரு சிறு அறை. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் அதை வெளியே தள்ளும். எரியாத எரிபொருள் மிச்சம் இருந்தால் ஆக்சிஜனை உள்ளே இழுக்கும். அறைக்குள் மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை என்ற நிலையைப் பிடித்துவைக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதுதான் அளவீடு. அந்த மின்னோட்டத்திலிருந்து கிடைப்பது லாம்டா. லாம்டா 1 என்றால் காற்றும் எரிபொருளும் கணக்குத் தீர்ந்தது. 1-க்குக் கீழே ரிச் (எரிபொருள் மிகுதி), மேலே லீன் (எரிபொருள் குறைவு). பெட்ரோலானாலும் எத்தனாலானாலும் இது மாறாது.

மீட்டர் காட்டும் 14.7 என்பது லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிய எண். அவ்வளவே. பெட்ரோலை முழுதாக எரிக்க எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். தூய எத்தனாலுக்கு 9.0, ஈ85-க்கு ஏறத்தாழ 9.8. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் வெளியிலிருந்து குறைவான காற்று போதும். மீட்டருக்குள் இருக்கும் பெருக்கு எண்ணை யாரும் மாற்றாதவரை, ஈ85 சரியாக எரியும்போதும் அது 14.7 என்றே சொல்லும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து வரி போதும். இதை ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவைக்கலாம்:

லாம்டா 1.00: பெட்ரோல் அளவில் 14.7, ஈ85 அளவில் 9.8
லாம்டா 0.90: 13.2, 8.8
லாம்டா 0.85: 12.5, 8.3
லாம்டா 0.80: 11.8, 7.8
லாம்டா 0.75: 11.0, 7.3

தவறு இரண்டு திசையிலும் நடக்கும். மீட்டர் பெட்ரோல் அளவில் இருக்க, ஃபுல் த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்த நிலை) 8.3 வர வேண்டும் என்று நம்பி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போனால், 8.3-ஐத் தொடும்போது லாம்டா 0.56. அதற்கு முன்பே மிஸ்ஃபயர் (சிலிண்டர் தீப்பிடிக்காமல் போவது) தொடங்கிவிடும். சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலம் கழுவப்படும். மறுதிசைதான் கொடியது. மீட்டரை யாரோ ஈ85 அளவுக்கு மாற்றிவைத்திருக்கிறார்கள், அது ஓட்டுபவருக்குத் தெரியாது. ஃபுல் த்ராட்டிலில் 8.3 காட்டுகிறது. பெட்ரோல் பழக்கத்தில் அதை அளவுமீறிய ரிச் என்று நினைத்து, 11.8 வரும்வரை எரிபொருளைக் குறைக்கிறார். ஈ85 அளவில் 11.8 என்பது லாம்டா 1.2. முழுச் சுமையில் அந்த நிலை பிஸ்டனையும் எக்ஸாஸ்ட் வால்வையும் விட்டுவைக்காது.

“அரை பாயிண்ட் ரிச்சாக்கு” என்ற பேச்சும் இதே குழியில் விழும். பெட்ரோல் அளவில் அரை பாயிண்ட் என்பது லாம்டாவில் 0.034, ஈ85 அளவில் 0.051. ஒரே சொல், ஒன்றரை மடங்கு வித்தியாசம். ஆகவே மீட்டர், அளவீடுகளைப் பதிவுசெய்யும் லாக் மென்பொருள், குறிப்பேடு மூன்றையும் லாம்டாவுக்கே மாற்றிவிடுவது உத்தமம். சில மென்பொருள்களில் ஈக்யூ விகிதம் என்று இருக்கும். அது லாம்டாவின் தலைகீழ். 1.176 என்று கண்டால் லாம்டா 0.85 என்று படிக்க வேண்டும். அங்கே எண் கூடினால் ரிச்.

சென்சாரை நம்பலாமா என்று முதலில் சோதிப்பது

சென்சார் பொருத்தும் இடத்தில் சோம்பல் பட்டால் அதன்பின் செய்யும் எல்லாம் வீண். இரு பக்கச் சிலிண்டர்களுக்கும் தனித்தனிப் புகைக்குழாய் இருக்கும் வி8-இல் ஒரு பக்கத்தை மட்டும் அளக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. குழாயின் மேல் பாதியில், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எத்தனால் எரியும்போது பெட்ரோலைவிட நீராவி கூடுதலாக வரும்; குளிர்ந்த குழாயில் அது நீராக நிற்கும். சூடேறிய பீங்கான் முனையில் ஒரு சொட்டு பட்டால் விரிசல் விட்டுவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு ஹீட்டருக்கு மின்சாரம் போகும்படி வயரிங் செய்தால் சென்சார் நீண்ட நாள் வரும். மின்சாரம் கொடுக்காமல் சென்சாரைக் குழாயில் மாட்டிவைத்து ஓட்டுவதும் கூடாது. கரி படிந்து செத்துவிடும்.

சென்சாருக்கு முன்னால் எங்கே புகைக்கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து லீன் காட்டும். ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் இது மிகுதி, சுமையில் குறையும். மேனிஃபோல்ட் போல்ட் உடைந்த வி8 டிரக் என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரலாம்.

லாக்கில் வரும் எண்ணைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. சூடான இன்ஜின், ஐடில், குளோஸ்டு லூப் (சென்சாரைப் பார்த்து இசியூ எரிபொருளைத் திருத்திக்கொண்டே இருக்கும் நிலை). வண்டியோடு வந்த நேரோபேண்ட் சென்சார்கள் எந்த எரிபொருளிலும் லாம்டா 1-ஐச் சுற்றியே இன்ஜினைப் பிடித்துவைக்கும். அப்போது வைட்பேண்டின் சராசரி 0.99 முதல் 1.01-க்குள் இருக்க வேண்டும். மீட்டர் முகப்பு 1.00 காட்டி, லாக் 1.03 காட்டினால் சென்சாரில் பிழை இல்லை. அனலாக் வயரின் எர்த் சரியில்லை, அல்லது வோல்ட்டை மாற்றும் சூத்திரம் தவறு. பெட்ரோல் அளவில் 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39 என்று அமைந்த கருவியில் எர்த் வித்தியாசம் 0.1 வோல்ட் இருந்தாலே லாம்டாவில் 0.02 நகரும். கருவியின் எர்த்தும் லாக் பெட்டியின் எர்த்தும் ஒரே இடத்தில் இணைய வேண்டும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, ஓடும் வண்டியில் காலை முழுதாக எடுத்தால் இசியூ எரிபொருளை அடைக்கும். அளவீடு மேல் எல்லைக்குப் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் சென்சார் மந்தமாகிவிட்டது, அல்லது எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் கசிகிறது.

தொட்டியில் இருப்பது ஈ85 தானா

ஈ85 என்ற பெயரை அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் டி5798-இன்படி அந்தப் பெயரில் விற்பதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம். குளிர்காலத்தில் எத்தனாலைக் குறைத்துத்தான் கலப்பார்கள். 51 சதவீதத்துக்குச் சமநிலை விகிதம் (முழுதாக எரிக்க வேண்டிய காற்றின் எடைப் பங்கு) ஏறத்தாழ 11.7, 70-க்கு 10.6, 83-க்கு 9.9. எல்லாவற்றுக்கும் 9.8 என்று எழுதிவைப்பது சட்டைக்கு அளவெடுக்காமல் தைப்பது போல.

சோதனைக்கு 100 மில்லி அளவுக் குழாய் போதும். 20 மில்லி தண்ணீர், அதன்மேல் 80 மில்லி எரிபொருள். மூடிக் குலுக்கி, 10 நிமிடம் நிற்க விட வேண்டும். எத்தனால் தண்ணீரோடு போய்விடும். பெட்ரோல் மேலே மிதக்கும். கீழ் அடுக்கு 20-லிருந்து 76-க்கு உயர்ந்திருந்தால் எத்தனால் 56 மில்லி. 56 ÷ 80, அதாவது 70 சதவீதம். தண்ணீரும் எத்தனாலும் சேரும்போது கன அளவு சற்றுச் சுருங்குவதால் உண்மை இதைவிட ஓரிரு சதவீதம் கூட இருக்கலாம். டியூனிங்குக்கு இந்தத் துல்லியம் போதும்.

எங்கே மாற்றுவது, எங்கே கை வைக்கக் கூடாது

பெட்ரோலில் ஃப்யூல் ட்ரிம் (சென்சாரைப் பார்த்து இசியூ தானாகக் கூட்டும் அல்லது குறைக்கும் எரிபொருள் சதவீதம்) எல்லாம் 3 சதவீதத்துக்குள் நிற்கும் வண்டியை எடுத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். அப்படிப்பட்ட வண்டியில் காற்றுக் கணக்கு ஏற்கெனவே சரி. இன்ஜினுக்குள் போகும் காற்று எரிபொருளைப் பார்த்து மாறுவதில்லை. எனவே மாற்ற வேண்டியது சமநிலை விகிதம் என்ற ஒரே எண்: 14.7 அல்லது 14.1 இருக்கும் இடத்தில், அளவுக் குழாய்ச் சோதனை சொன்ன எண்.

சிலர் இதை விட்டுவிட்டு விஇ அட்டவணையையோ (சிலிண்டர் எவ்வளவு காற்றை நிரப்பிக்கொள்கிறது என்ற கணக்கு) ஏர்ஃப்ளோ அட்டவணையையோ 40 சதவீதம் உயர்த்துவார்கள். மீட்டர் சரியாகிவிடும், வண்டி கெட்டுவிடும். இசியூவின் பார்வையில் இன்ஜின் இப்போது 40 சதவீதம் அதிகக் காற்றை இழுக்கிறது. இக்னிஷன் டைமிங் அட்டவணையில் தவறான கட்டத்துக்குப் போகும். டார்க் (முறுக்குவிசை) கணக்கு வீங்கும். அதை நம்பி கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தத்தை ஏற்றும். கியர் மாறும்போது உதை விழும். டிரக்கில் கியர் உதைக்கிறது என்ற புகாரோடு வரும் ஈ85 டியூன்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் அளவைக் குறைத்து எழுதி ஏமாற்றுவது இதைவிடக் கேடு குறைந்தது, ஆனாலும் தேவையில்லாத வேலை.

சமநிலை எண்ணை மாற்றாமல் ஈ85 ஊற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். எடைக் கணக்கில் 44 முதல் 50 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ட்ரிம் பல இசியூக்களில் 25 சதவீதம் அருகே முட்டி நின்றுவிடும். லீன் என்று சொல்லும் பி0171, பி0174 பிழைக் குறியீடுகள் இரண்டும் எரியும். ஃபுல் த்ராட்டிலில் நிலைமை இன்னும் மோசம்.

இன்ஜெக்டர் போதுமா என்ற கணக்கு: 300 குதிரைத்திறன், 8 சிலிண்டர், இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. பெட்ரோலுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.5 பவுண்டு என்று வைத்தால் இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 224 சிசி. ஈ85-க்கு 0.7 பவுண்டு, கிட்டத்தட்ட 300 சிசி. பம்பும் அதே விகிதத்தில் தாங்க வேண்டும்.

ட்ரிம் சொல்லும் கதை

எண்ணை மாற்றி, இன்ஜினைச் சூடாக்கி, ட்ரிம்மைப் பார்க்க வேண்டும். ஐடில், மெது ஓட்டம், மேடு எல்லா இடத்திலும் ஒரே அளவு, எடுத்துக்காட்டாக +7 என்றால் எத்தனால் சதவீதத்தைக் குறைவாக எழுதியிருக்கிறோம். சமநிலை எண்ணைச் சற்றுக் குறைத்தால் எல்லாக் கட்டமும் சேர்ந்து இறங்கும்.

ஐடிலில் மட்டும் –5, சுமையில் 0 என்று வந்தால் அது வேறு கதை. இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. பெட்ரோலில் அது மறைந்து கிடந்தது. உண்மைத் தாமதம் 1.0 மில்லிவினாடி, எழுதியிருப்பது 0.8 என்று வைப்போம். பெட்ரோலில் ஐடிலுக்கு 1.2 மில்லிவினாடி நிகரத் திறப்பு வேண்டும். விடுபட்ட 0.2-ஐ ஈடுகட்ட முன்பு டியூன் செய்தவர் அந்தக் கட்டத்தின் விஇ எண்ணை உயர்த்தி 1.4 வரவைத்திருப்பார். ஈ85-க்கு இசியூ எல்லாவற்றையும் 1.44-ஆல் பெருக்கும்: 2.02. தேவையோ 1.73. இன்ஜெக்டர் உண்மையில் தருவது 2.02 + 0.8 – 1.0 = 1.82. ஐந்து சதவீதம் ரிச். இங்கே சமநிலை எண்ணைத் தொட்டால் சுமையில் லீனாகும். தாமத எண்ணைத் திருத்தி, விஇ கட்டத்தைப் பழைய இடத்துக்கு இறக்குவதே முறை. எத்தனால் இதுபோன்ற பழைய ஒட்டுவேலைகளை எல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

ஃபுல் த்ராட்டில்

இங்கே இசியூ ஓப்பன் லூப்புக்கு (சென்சாரைப் பார்த்துத் திருத்தாத நிலை) போகும். வைட்பேண்ட் மட்டுமே கண். டர்போ இல்லாத இன்ஜினுக்கு இலக்கு லாம்டா 0.85. டர்போ இருந்தால் 0.75 முதல் 0.80. மூன்றாம் கியரில் 2500 முதல் 5500 ஆர்பிஎம் வரை ஒரே இழுப்பு; அளவீடு, இலக்கு, எரிபொருள் அழுத்தம், இன்ஜெக்டர் திறப்புச் சதவீதம் நான்கையும் ஒரே லாக்கில் எடுக்க வேண்டும். வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோ மேசை இல்லையென்றால் போக்குவரத்து இல்லாத மூடிய தளம் வேண்டும். பக்கத்தில் ஒருவர் லாக் பார்க்க வேண்டும்.

திருத்தம் எளிய வகுத்தல்: அளந்த லாம்டா ÷ இலக்கு லாம்டா. 0.88 வந்து 0.85 வேண்டுமென்றால் 1.035, அந்த ஆர்பிஎம் பகுதியின் காற்று எண்ணை 3.5 சதவீதம் கூட்டலாம். ஒரே இழுப்பை நம்பக் கூடாது. மூன்று எடுத்துச் சராசரி. த்ராட்டில் அழுத்திய முதல் அரை வினாடியை விலக்கிவிட வேண்டும். புகை சென்சாரை எட்டக் கால தாமதம் உண்டு. எத்தனால் இன்டேக் சுவரில் பெட்ரோலைவிட அதிகமாக ஒட்டும் என்பதால் அழுத்திய கணத்தில் ஒரு லீன் முள் தெரியும். அது தனி அட்டவணையின் வேலை; இதோடு குழப்பினால் இரண்டும் கெடும்.

4500 ஆர்பிஎம் வரை 0.85, அதற்கு மேல் மெல்ல 0.93-க்கு ஏறினால், அட்டவணையைத் தொடும் முன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாய்) அழுத்தம் 58 பிஎஸ்ஐயிலிருந்து 48-க்கு இறங்கினால் வரத்து 9 சதவீதம் குறையும் (வரத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும்). 0.85 அப்படியே 0.93 ஆகிவிடும். காரணம் பம்ப், அல்லது ஃபில்டர். பழைய தொட்டியில் படிந்த கசடை எத்தனால் கரைத்துக்கொண்டு வரும். முதல் ஓரிரு தொட்டி தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றுவது வழக்கமாகவே இருக்கட்டும். அழுத்தம் அசையாமல் நின்று, திறப்பு 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் இன்ஜெக்டர் சிறிது. இந்த இரண்டில் எதற்கும் அட்டவணையில் மருந்து இல்லை.

லீன் காட்டினால் எல்லாமே லீன் அல்ல என்பதும் இங்கேதான் உறைக்கும். ஒரு சிலிண்டர் தீப்பிடிக்காமல் போனால் அதன் ஆக்சிஜன் முழுதும் வெளியே வரும். சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன்தான். கலவை மிக ரிச்சாகி மிஸ்ஃபயர் வந்தாலும் மீட்டர் லீன் பக்கம் துள்ளும். அதைப் பார்த்து இன்னும் கூட்டினால் இன்னும் துள்ளும். அளவீடு வழவழவென்று நகர்ந்தால் கலவை. ரம்பப் பல் போலக் குதித்தால் தீப்பொறி. பிளக் இடைவெளியைச் சற்றுக் குறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோலில் கைகொடுக்கும் பழைய அடையாளங்கள் இங்கே உதவா. ஈ85 ரிச்சாக ஓடினாலும் கரும்புகை அதிகம் வராது. பிளக் முனை கறுக்காது. லீனானால் பெட்ரோல் போல உடனே நாக் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) சத்தமும் கேட்காது. எத்தனாலின் ஆக்டேன் அதை மறைத்துவிடும். நாக் சென்சார் அமைதியாக இருக்கிறது என்பதால் கலவை சரி என்று முடிவு செய்வது பெரும் பிழை.

டிரக்குக்கென்று ஒரு விஷயம்: டிரெய்லர் இழுத்து மேடேறும்போது த்ராட்டில் பாதிதான் திறந்திருக்கும், சுமை முழுதாக இருக்கும். ரிச்சாக்கும் அட்டவணை 70 சதவீத த்ராட்டிலுக்கு மேல்தான் விழிக்கும் என்று அமைந்திருந்தால், இன்ஜின் நிமிடக்கணக்கில் லாம்டா 1-இல் கொதிக்கும். த்ராட்டில் வரம்பைக் குறைப்பது, அட்டவணை விழிக்க எடுக்கும் தாமதத்தை நீக்குவது, இன்டேக் காற்றழுத்தத்தை வைத்து விழிக்கச் செய்வது, மூன்றும் சேர்ந்து வேண்டும். சுமையில்லாமல் எடுத்த லாக்கில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

குளிரில் ஸ்டார்ட்

எத்தனால் குளிரில் ஆவியாக மறுக்கும். ஸ்டார்ட் ஆகும் வரை பெட்ரோலைவிடப் பல மடங்கு ஊற்ற வேண்டியிருக்கும்; குளிர் கூடக் கூட மடங்கும் கூடும். இதை வைட்பேண்டைப் பார்த்து டியூன் செய்ய முடியாது. சென்சார் சூடேற நேரம் வேண்டும். திரவமாகவே கிடக்கும் எரிபொருள் அளவீட்டில் வராது. இரவு முழுதும் நிறுத்தி, காலையில் ஒரே ஒரு முயற்சி. பற்றாவிட்டால் 15 சதவீதம் கூட்டி அடுத்த நாள். அவசரப்பட்டு ஒரே காலையில் பத்து முறை கிராங்க் செய்தால் பிளக் நனையும், எண்ணெயில் எத்தனால் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் எண்ணெய் மாற்றிவிட்டே தொடர வேண்டும்.

அடுத்த முறை நிரப்பும்போது

70 சதவீதத்துக்கு டியூன் செய்த தொட்டியில் 83 சதவீத எரிபொருள் வந்து விழுந்தால், ஃபுல் த்ராட்டிலில் 0.85 கேட்ட இடத்தில் 0.91 கிடைக்கும். ஐடிலில் ட்ரிம் இதை மூடிவிடும் என்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. நிரப்பியதும் முதல் 10 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ட்ரிம்மைப் பார்த்து, 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் மீண்டும் குழாய்ச் சோதனை.

இது சலித்துப்போனால் எத்தனால் சதவீதத்தை அளக்கும் ஃப்ளெக்ஸ் ஃப்யூல் சென்சார் ஒன்றை எரிபொருள் குழாயில் சேர்க்கலாம். பரவலாகக் கிடைக்கும் வகை 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் தரும்: 50 என்றால் எத்தனால் இல்லை, 150 என்றால் முழு எத்தனால், 120 என்றால் 70 சதவீதம். 150-ஐத் தாண்டிக் காட்டினால் எரிபொருளில் தண்ணீரோ அழுக்கோ இருக்கிறது, அல்லது சென்சார் பழுது. மாட்டிய பிறகு முதல் வேலை, அது காட்டும் சதவீதத்தை அளவுக் குழாயோடு ஒப்பிடுவது. இரண்டும் 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் சமநிலை எண்ணை இசியூவே பார்த்துக்கொள்ளும்படி விடலாம். மீட்டர் மட்டும் லாம்டாவிலேயே இருக்கட்டும்.